காயல் துறையின் குதிரைக் கணக்கு
(பாண்டியர் அமைச்சர் மலிக் தகியுத்தீன் அவர்களின் வாழ்வு)

பேரிகை, பாகலூர், சூளகிரி எனக் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த நம் சிற்றூர்களில் மாடு விற்றுப் பழகிய பெரியவர்களைக் கேட்டால் ஓர் உண்மையைச் சொல்வார்கள். துண்டை மேலே போட்டு, உள்ளே விரல் பிடித்து விலை பேசி முடிப்பது எளிது. பாதிப் பணத்தைக் கையில் வைத்து, மீதியை அடுத்த சந்தையில் தருவதாகச் சொல்லி மாட்டை ஓட்டிச் சென்றவரிடம் அந்த மீதியைப் பெறுவதுதான் அரிது. வாங்கியவர் அடுத்த ஊர்க்காரராக இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டலாம். வாங்கியவர் நாடாளும் மன்னராகவும், விற்றவர் கடல் கடந்து வந்த அயலாராகவும், விற்ற பொருள் குதிரையாகவும் இருந்தால் என் செய்வது? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தென்பாண்டிக் கடற்கரையில் இவ்வினா உண்மையாகவே எழுந்தது. அதற்கு விடை காணும் இடத்தில் அமர்ந்திருந்தவர் ஒரு முஸ்லிம் அமைச்சர். மலிக் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பது அவர் பெயர்.

தென்கடல் துறைமுகத்து வரலாறு நம் மலைநாட்டுக்குத் தொலைவானது எனக் கருத வேண்டியதில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1279ஆம் ஆண்டளவில் மூன்றாம் இராசேந்திர சோழனையும் போசள இராமநாதனையும் வென்றான். சோழர் மரபு அத்தோடு முடிந்தது. திருச்சிக்கு அருகிலிருந்த கண்ணனூரை இழந்த இராமநாதன் வடமேற்கே விலகி வந்து, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். குந்தாணியின் கற்களிடையே நிற்கும்போது, அவனை இவ்வளவு தொலைவு பின்வாங்கச் செய்த பாண்டியப் படையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய படைக்குக் குதிரை இன்றியமையாதது. பாண்டிநாட்டிலோ நல்ல குதிரை பிறப்பதில்லை. அராபியக் கடற்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலில் வந்தாக வேண்டும்.

தகியுத்தீன் அவர்களின் தந்தை முஹம்மத் அத்-தீபி. இராக் நாட்டுத் தீப் என்னும் ஊரின் பெயரால் இக்குடும்பம் அழைக்கப்பெற்றது. வாணிகமே குடும்பத் தொழில். தமையனோ தம்பியோ என்று பிரித்தறியத் தேவையில்லாத அளவுக்கு வாழ்விலும் வாணிகத்திலும் இணைந்திருந்த உடன்பிறப்பு ஜமாலுத்தீன் இப்ராஹீம். வளைகுடாவின் கீஷ் தீவைத் தம் ஆட்சியில் வைத்திருந்த இவர், மலிக்குல் இஸ்லாம் என்னும் பட்டம் பெற்றவர்; மங்கோலிய ஈல்கான்களின் கீழ்ப் பாரசீகத்தின் ஃபார்ஸ் மாநில வரியைக் குத்தகைக்கு எடுக்கும் அளவுக்குப் பெருஞ்செல்வர். ஒருவர் கீஷில் இருந்து அனுப்பினார். மற்றவர் காயலில் இருந்து பெற்றுக்கொண்டார். இந்த எளிய ஏற்பாடே இருவர் வாழ்வையும் அமைத்தது.

இவர்களைப் பற்றி நமக்கு விரிவாக எழுதி வைத்தவர்கள் பாரசீக வரலாற்றாசிரியர்கள் இருவர். ஒருவர் ஷீராஸ் நகரத்து வஸ்ஸாஃப். மற்றவர் ஈல்கான்களின் அமைச்சராயிருந்த ரஷீதுத்தீன். தமிழகக் கடற்கரையை அவர்கள் மஅபர் என்று வழங்கினர். பாண்டியருள் ஒருவனான சுந்தர பாண்டியனுக்குத் தகியுத்தீன் அவர்கள் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார் என்றும், ஃபத்தன், மலி ஃபத்தன், காயல் ஆகிய மூன்று துறைமுகங்களின் ஆட்சி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றிருந்தது என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. காயல் என்பது தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துப் பழையகாயல். மற்ற இரண்டையும் இன்ன ஊர் என உறுதி செய்வதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் என்பார் பலர். அப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளி ஒன்றுக்குப் பாண்டியன் அளித்த அறக்கொடையைத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் கல்வெட்டு இன்றும் காட்டி நிற்கிறது. ஒரு பள்ளிவாசலுக்கான கொடை ஒரு திருமால் கோயிலின் சுவரில் வெட்டப்பட்டது என்பதை நம் மாணவர்கள் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நல்லது.

அயல்நாட்டு முஸ்லிம் ஒருவரிடம் பாண்டியன் மூன்று துறைமுகங்களை ஒப்படைத்தது எதற்காக? சமய நல்லிணக்கம் என்று ஒரு சொல்லில் விடை கூறி நம் மேடைகளில் கைதட்டல் பெற்றுவிடுகிறோம். நல்லிணக்கம் இருந்தது; ஐயமில்லை. ஆயினும் பாண்டியன் தேடியது முதலில் குதிரை. குதிரையை அனுப்பவல்லவர் எவரோ அவருடைய உடன்பிறந்தாரைத் தன் அவையில் அமர்த்திக்கொள்வதே அதற்கு உறுதியான வழி. அனுப்புவோர்க்கும் அது நன்மையாகவே இருந்தது. பொருளைக் கடலுக்கு அப்பால் அனுப்புகிறவன் அஞ்சுவது புயலுக்கு மட்டுமன்று. விலை திரும்பி வருமா என்பதற்கும் அஞ்சுகிறான். அந்த இரண்டாவது அச்சத்தை நீக்குவதற்குக் காயலில் தம் குருதி உறவே அமர்ந்திருப்பதைவிட வேறு பிணை வேண்டுமா?

சுந்தர பாண்டியனுக்கும் ஜமாலுத்தீனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டை வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் வரவேண்டும். கத்தீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய துறைகளிலிருந்தும் இயன்ற அளவு திரட்டி அனுப்பலாம். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். 1,400 குதிரைகளுக்கு மட்டும் கணக்கிட்டால் ஆண்டுக்கு 3,08,000 தீனார் ஆகிறது. இவ்வுடன்பாட்டின் கடைசி விதிதான் என்னைப் பலமுறை நிறுத்தி எண்ண வைத்தது: கடற்பயணத்தில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், அது இறந்தே போனாலும், அதன் விலையை மன்னன் தன் கருவூலத்திலிருந்து தந்துவிட வேண்டும்.

கரையேறாத குதிரைக்கும் விலை! வாணிக நடைமுறையில் இது அரிதினும் அரிது. பொருள் வாங்குபவன் கைக்கு வந்து சேரும் வரை அதன் இழப்பு விற்பவனைச் சார்ந்தது என்பதே நம் ஃபிக்ஹு நூல்களின் பொதுவான நிலை. நம் பெரியோர் அறிந்த நிகழ்ச்சி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரை ஒன்றை விலை பேசி வாங்கிச் சவாரி செய்து பார்த்தபோது குதிரைக்கு ஊறு நேர்ந்தது. குதிரையைத் திருப்பித் தர எண்ணினார்கள், விற்றவர் ஏற்கவில்லை. வழக்கு ஷுரைஹ் என்பவரிடம் சென்றது. ஒன்று, வாங்கிய விலையைத் தந்து குதிரையை ஏற்க வேண்டும். அல்லது வாங்கும்போது இருந்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்று கலீஃபாவுக்கு எதிராக அவர் தீர்ப்பளித்தார். தமக்கெதிராகத் தீர்ப்புச் சொன்ன அந்த ஷுரைஹையே கூஃபா நகரின் காழியாக அனுப்பினார்கள் உமர் (ரலி) அவர்கள். அங்கே குதிரை வாங்கியவர் கையில் இருந்தபோது ஊறுற்றது. எனவே பொறுப்பு வாங்கியவருடையது. காயலிலோ குதிரை இன்னும் நடுக்கடலில் இருக்கையிலேயே பொறுப்பு வாங்குபவர் மேல் ஏறிவிட்டது.

மன்னன் ஏன் இதற்கு உடன்பட்டான் என்பது ஒரு வினா. மன்னனின் அமைச்சர் இதற்கு எவ்வாறு உடன்பட்டார் என்பது அதனினும் கூரிய வினா. விற்பவர் உடன்பிறந்தார், வாங்குபவர் தம்மை உயர்த்திய மன்னர். தகியுத்தீன் அவர்கள் எந்தப் பக்கம் நின்று விலை பேசினார்? நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். மேலும், சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மஅபருக்கு வரும் சரக்குகளில் ஜமாலுத்தீனின் முகவர்கள் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்த பின்னரே மற்ற வணிகர் வாங்கலாம் என்னும் கட்டுப்பாடும் இருந்தது. இதனால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த சிறு வணிகருள் முஸ்லிம்களும் இருந்திருப்பர். உள்நாட்டுக் குதிரைச் செட்டிகளும் இருந்திருப்பர். அவர்கள் இவ்வமைச்சரைப் பற்றி என்ன எண்ணியிருப்பர் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கடலில் இறக்கும் குதிரையின் இழப்பை மன்னன் ஏற்காவிடில், கீஷ் வணிகர் அந்த இழப்பையும் சேர்த்தே விலை வைப்பர். அல்லது குதிரைகளைக் குசராத்தின் காம்பே துறைக்குத் திருப்பிவிடுவர். பாண்டியர் ஐவர் தனித்தனியே ஆண்ட காலம் அது. குதிரைக் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறதோ அந்தத் துறைக்குரியவன் கையே ஓங்கும். நிலையான விலை, நிலையான எண்ணிக்கை, இழப்பிலும் உறுதி என்ற மூன்றையும் காட்டிக் கப்பல்களைக் காயலுக்கு ஈர்த்தது மன்னனுக்கும் ஊதியமே என்பது என் கருத்து. அமைச்சர் இரு பக்கத்துக்கும் பயன் செய்தார். தம் குடும்பத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே செய்துகொண்டார்.

இக்குதிரைகள் கரையேறிய பின் என்னவாயின? 1292, 1293 அளவில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டியர் ஐவரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்களாம். மருத்துவம் அறிந்தவர் இங்கு இல்லை. வரவும் வணிகர் விடுவதில்லை. குதிரை இறக்க இறக்கத்தானே அடுத்த விற்பனை நடக்கும் என்பது அவர் சாற்றும் குற்றம். வஸ்ஸாஃபும் வேறு சொற்களில் இதையே வருந்திச் சொல்கிறார். வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் கொட்டிலில் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பயிற்சியின்றி ஏறி ஓட்டி, நல்ல குதிரைகளையும் விரைவில் பயனற்றவை ஆக்கிவிடுகின்றனர் என்பது அவர் கூற்று. இருவரும் அயலார், இருவர் சொல்லிலும் மிகை இருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரை பாலைநிலத்துக் குதிரைக்கு ஒவ்வாதது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திருவாதவூரரான பாண்டிய அமைச்சர் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் செலவிட்ட வரலாறும், இறைவன் நரியைப் பரியாக்கிக் கொணர்ந்த திருவிளையாடலும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. கொட்டிலில் கட்டிய விலையுயர்ந்த பரிகள் விடிவதற்குள் நரிகளாய்விட்ட கதையைக் கேட்டபோது, மதுரை மக்கள் தம் அரசனுடைய குதிரைச் செலவையும் சேர்த்தே நினைத்திருப்பார்கள் போலும்.

இவ்வளவு பொன் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய தலைமுறையில், ஃபார்ஸை அதாபேக் அபூபக்ர் ஆண்ட காலத்தில், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர், காம்பே முதலிய துறைகளுக்குச் சென்றன என்றும், அவற்றின் விலை 22,00,000 தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அத்தொகை கோயில் நிலங்களின் மிகை வருவாயிலிருந்தும் தேவரடியார்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது; அரசுக் கருவூலத்தில் கை வைக்கவில்லை என்பது அவர் கேட்டறிந்த செய்தி. கோயில் அறங்களின் கணக்கை அறிந்தவர்கள் இதை அப்படியே ஏற்கத் தயங்குவர். ஆயினும் ஒன்று தெளிவு. விலை மலையளவு. அதனைக் கொடுக்க வேண்டியவருக்கு நாள் தள்ளிப் போட ஆசை எழாமல் இராது.

அந்த ஆசை எழுந்த ஒரு நாளை மார்க்கோ போலோ தம் கண்ணால் கண்டார். இந்நாட்டில் கடன் பற்றிய வழக்கம் ஒன்று இருந்தது. பலமுறை கேட்டும் கடனைத் தராமல் நாளைக் கடத்துபவனை, கொடுத்தவன் வழியில் எங்கேனும் கண்டு அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால் போதும். கடனைத் தீர்க்கும் வரை, அல்லது பிணை தரும் வரை, அவன் அந்தக் கோட்டைத் தாண்டலாகாது. தாண்டினால் இறப்புத் தண்டனை. ஏவலர் வேண்டாம், விலங்கு வேண்டாம். மண்ணில் ஒரு கோடு. அயல்நாட்டு வணிகர் ஒருவருக்கு மன்னன் ஒரு தொகை தர வேண்டியிருந்தது. வணிகர் பலமுறை கேட்டார். மன்னன் ஒவ்வொரு முறையும் தருவதாகச் சொல்லித் தள்ளி வைத்தான். ஒரு நாள் மன்னன் குதிரைமேல் நகர்வலம் வந்தபோது அவ்வணிகர் சமயம் பார்த்து, மன்னனையும் குதிரையையும் சேர்த்துச் சுற்றி வட்டம் கீறிவிட்டார்.

மன்னன் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினான். அவ்வணிகருக்கு உரியது தீரும் வரை அவன் அங்கிருந்து அசையவில்லை. சுற்றி நின்ற மக்கள் வியந்து, தன் ஆணைக்குத் தானே கட்டுண்ட மன்னன் என்று அவனைப் போற்றினார்களாம்.

வணிகர் விற்ற பொருள் இன்னதென மார்க்கோ போலோ குறிப்பிடவில்லை. ஆனால் அந்த மன்னன் ஏறியிருந்த குதிரை கடல்வழி வந்ததாகவே இருந்திருக்கும்; அக்கடற்கரையில் அயல்நாட்டு வணிகர் மன்னர்க்கு விற்ற பொருள்களில் தலையாயதும் குதிரையே. இது நடந்தது தகியுத்தீன் அவர்கள் அமைச்சராயிருந்த நாட்களில். அன்று மாலை அவருக்கு இச்செய்தி எட்டியபோது அவர் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அரசருக்குப் பொதுத்தெருவில் நேர்ந்த தலைகுனிவு அமைச்சரின் தவறாகவும் கருதப்படும். அதே வேளையில், வட்டம் கீறிய வணிகர் உயிரோடு பணம் பெற்றுச் சென்றார் என்ற செய்தி அடுத்த பருவக்காற்றில் ஹுர்முஸுக்கும் கீஷுக்கும் ஏடனுக்கும் போய்ச் சேரும். எந்த ஓலையும் எந்த முத்திரையும் காயல் துறைக்கு அப்படியொரு நற்பெயரை வாங்கித் தந்திருக்க முடியாது. கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதைச் சிறுவயதில் ஓதிப் பழகிய ஓர் அமைச்சருக்கு, எழுத்தின்றி, சாட்சியாக ஊரையே நிறுத்திய இத்தமிழ் வழக்கம் வியப்பளித்திருக்க வேண்டும்.

ஹிஜ்ரி 692இல், அதாவது 1293ஆம் ஆண்டில், மன்னன் மறைந்தான். அவன் விட்டுச் சென்ற செல்வத்தில் பொன்னும் வெள்ளியும் மணிகளும் ஏற்றிய 7,000 பொதிமாடுகள் அடுத்து ஆட்சிக்கு வந்த உடன்பிறந்தானின் பங்காயின என்று ஜமாலுத்தீன் சொல்லக் கேட்டதாக வஸ்ஸாஃப் எழுதுகிறார். மன்னர் மாறினால் அமைச்சரும் மாறுவது உலக இயல்பு. தகியுத்தீன் அவர்களோ முன்னிருந்த பொறுப்பிலேயே தொடர்ந்தார், முன்னினும் உயர்ந்தார். ஆட்சியில் யார் இருந்தாலும் குதிரை வேண்டுமல்லவா? மர்ஸுபானுல் ஹிந்த், அதாவது இந்திய எல்லைக் காவலர், என்று பாரசீகத்தார் அவரைச் சிறப்பித்து வழங்கினர்.

ஹிஜ்ரி 702இல், 1303ஆம் ஆண்டளவில், அவர் காலமானார். அதன் பின் நடந்ததுதான் அவர் வாழ்வின் மிகக் கசப்பான பகுதி. அதைக் காண அவர் இல்லை. அவர் ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் கைப்பற்றிக்கொள்ள மன்னன் முனைந்தான். நாற்புறமும் கடலோடிகளின் விலைக்குப் பிணையாக நின்றவரின் குடும்பத்துக்குப் பிணையாக நிற்க இப்போது எவரும் இல்லை. மன்னனைச் சுற்றி வட்டம் கீறவும் எவரும் இல்லை. மகன் சிராஜுத்தீன் 2,00,000 தீனார் கொடுத்து மன்னனின் மனத்தை மாற்றி, தந்தையின் உடைமையையும் பதவியையும் காத்துக்கொண்டார். பழைய உடன்பாட்டு விலைப்படி அத்தொகை ஏறத்தாழ 909 குதிரைகளின் விலை. தந்தை காலமெல்லாம் பாண்டியர் கருவூலத்திலிருந்து கீஷுக்குச் சென்ற பொன்னில் ஒரு சிறு பகுதி இவ்வாறு திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத் 1297ஆம் ஆண்டளவில் ஈல்கான் காஸானின் தூதராகச் சீனப் பேரரசர் தைமூரிடம் கப்பலில் சென்றிருந்தார். சில ஆண்டுகள் அங்கே தங்கி, பெருஞ்சரக்கோடு திரும்பி வருகையில், 1305இல், மஅபர்க் கரைக்கு இரண்டு நாள் பயணத் தொலைவில் நடுக்கடலில் உயிர் நீத்தார். கப்பல் கரைக்கு வந்தது. தந்தையின் சகோதரர் அடங்கியிருந்த இடத்தின் அருகே, தமிழ் மண்ணில், அவரையும் அடக்கம் செய்தனர். செய்தி கீஷுக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டில் ஜமாலுத்தீனும் மறைந்தார். குதிரைக் கப்பல்கள் அதன் பின்னும் காயலுக்கு வந்துகொண்டிருந்தன.